அரை அரை டிகிரியாக

"இன்னிக்கு எத்தனை பேர் செத்தாங்க?" என்றான் அவன், தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டே.

"பாதிக்கு மேல," என்றாள் மனைவி சந்தோஷமாக. "ஆனா மிச்சம் இருக்கிறது ஜம்முன்னு இருக்கு. நாளைக்கு இன்னும் அரை டிகிரி ஏத்தப் போறேன்."

செத்தது ஈஸ்ட். மனைவிக்கு ஓர் ஆல்கஹால் ஆலையின் ஆய்வகத்தில் வேலை. சர்க்கரைப் பாகைத் தின்று ஆல்கஹாலாக மாற்றும் அந்தக் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள், தொட்டியில் சூடு ஏறினால் கூட்டத்தோடு செத்துவிடும். சூட்டைத் தாங்குகிற ஈஸ்ட்டை உருவாக்குவதுதான் அவள் பொறுப்பு.

"ஒரேயடியா சூடு வச்சுட்டா என்ன?"

"மொத்தமும் போயிடும். கொஞ்சமா ஏத்தணும். தாங்கினதை மட்டும் எடுத்து, புதுசா சர்க்கரைத் தண்ணியில விட்டு, நல்லாப் பெருக விடணும். அப்புறம் இன்னும் கொஞ்சம். அவசரமே படக்கூடாது. கடைசியில தொட்டிக்குப் போறப்போ, சூடுன்னு ஒண்ணு இருக்கிறதே அதுக்குத் தெரியாது."

அவன் கை பாதி வழியில் நின்றது. மண்டைக்குள் பல்ப் எரிந்தது.

அவன் லிஃப்ட் மெக்கானிக். பத்தாவது மாடியில் இருட்டுக் குழிக்குள் தொங்கிக்கொண்டு வேலை பார்ப்பான், பயம் கிடையாது. ஆனால், "அம்மாவை நம்மளோட வச்சுக்கலாமா?" என்று பெண்டாட்டியிடம் கேட்க மட்டும் நாக்கு எழவில்லை. அம்மா வேறு ஊரில், வாடகை வீட்டில் தனியாக இருந்தாள். போன மழைக்காலத்தில் குளியலறையில் வழுக்கி விழுந்து, பக்கத்து வீட்டுக்காரர் வந்து தூக்கும்வரை தரையிலேயே கிடந்தாள். அதிலிருந்து நேரங்கெட்ட நேரத்தில் போன் அடித்தாலே பாய்ந்து போய் எடுப்பான்.

கூப்பிட்டுப் பார்க்காமல் இல்லை. ஒரு வாரம் இருக்கட்டும் என்று அழைத்து வந்தான். முதல் வேளைச் சாப்பாட்டிலேயே அம்மா, "உப்பு கொஞ்சம் கம்மியோ?" என்றாள். மருமகள் உப்பு டப்பாவை எடுத்து மேசையில் வைத்தாள். வைத்தபோது 'டக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான், அவனுக்குச் சோறு இறங்கவில்லை. ராத்திரியெல்லாம் தூக்கம் இல்லை. விடிந்ததும் ஏதோ சாக்குச் சொல்லி அம்மாவை பஸ் ஏற்றிவிட்டான். மாமியாரும் மருமகளும் எலியும் பூனையும் என்பது அவன் முடிவு.

இப்போது வழி கிடைத்துவிட்டது. மனைவியையும் அரை அரை டிகிரியாகப் பழக்க வேண்டியதுதான்!

அடுத்த மாதம் அம்மாவை ஒரே ஒரு பகலுக்கு மட்டும் வரவழைத்தான். பிறகு ஒரு ராத்திரி. பிறகு இரண்டு நாள். ஒவ்வொரு முறையும் அம்மா கிளம்பியதும், பாவம் ஆடிப்போயிருப்பாள் என்று மனைவியை சினிமாவுக்குக் கூட்டிப் போவான். அது சர்க்கரைத் தண்ணி. படம் முழுக்கத் தூங்கியது அவன்தான் என்பது வேறு விஷயம்.

அம்மா இருக்கும் நாளில் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடையாய் நடந்தான். இரண்டு பேரும் பேசினால் ஓடினான்; பேசாமல் இருந்தால் அதைவிட வேகமாக ஓடினான். தலைவலி மாத்திரை அட்டை அட்டையாகத் தீர்ந்தது. பெற்றவளுக்காக இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி?

பாடு வீண்போகவில்லை. தடவைக்குத் தடவை மனைவி தேறி வந்தாள். கடைசியாக அம்மா வந்து முழுசாக ஒரு மாதம் தங்கினாள். அவனே மாத்திரையை மறந்துபோகும் அளவுக்கு வீடு அவ்வளவு அமைதியாக இருந்தது. அவனுக்குப் பெருமை தாங்கவில்லை.

அம்மா ஊருக்குக் கிளம்ப வேண்டிய காலையில், தைரியமாக வாயைத் திறந்தான்.

"அம்மா இனிமே இங்கேயே இருந்துடட்டுமே?" என்றான். மனைவியின் முகத்தைப் பார்க்காமலே தொடர்ந்தான். "கோவிச்சுக்காதே. உன் ஈஸ்ட் வித்தையை உன்கிட்டயே காட்டிட்டேன். அம்மாவைக் கொஞ்சம் கொஞ்சமா வரவச்சது, உனக்குப் பழகட்டும்னுதான்."

அம்மா மருமகளைப் பார்த்தாள். மருமகள் அம்மாவைப் பார்த்தாள். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"அன்னைக்கு நான் உப்பு கேட்டேன், அவ எடுத்து வச்சா, போட்டுக்கிட்டேன்," என்றாள் அம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அதுக்கு நீ ஏன்டா ராத்திரி பூரா முழிச்சுக் கிடந்தே?"

"ஆபீஸ் பேச்சையே வீட்டுல எடுக்காதவ, சாப்பிடறப்போ தினமும் உங்களுக்கு ஈஸ்ட் பாடம் எடுத்தேனே, எதுக்குங்க?" என்ற மனைவி, மாமியார் பக்கம் திரும்பினாள்.

"நேத்து மத்தியானம் நாம வேணும்னே சத்தமா சண்டை போட்டுப் பார்த்தோமே அத்தை, மனுஷன் குறட்டை விட்டுத் தூங்கினார். இனிமே தாங்குவார், நீங்க ஊர்ல இருக்கிற வாடகை வீட்டைக் காலி பண்ணிடலாம்!"