மூட்டையில் ஒரு கிழங்கு

“கூட வந்த ஆம்பளையெல்லாம் வெளியில போங்க!”

நர்ஸ் மிஸ்ஸி போட்ட சத்தத்தில், பதுளை மார்பு கிளினிக்கின் சுவரோரம் நின்றிருந்த புருஷன்மார் எல்லாம் பிழைத்தோம் என்று படியிறங்கினார்கள். புஹாரி முதலாளியும் அரைவாசி எழும்பினார். மனைவி ஸஜீதா சட்டைக் கையைப் பிடித்து இழுத்ததும் அப்படியே மறுபடி வாங்கில் உட்கார்ந்துவிட்டார்.

பின்வாங்கில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பண்டாரவளையில் லொறி லொறியாக உருளைக்கிழங்கு வாங்கி விற்கிற மனுஷன் அவர். விலை பேச உட்கார்ந்தால், எதிரில் இருப்பவன் தானாகவே ஐந்து பத்து இறங்கி வருவான். அப்பேர்ப்பட்டவர் இப்போது தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார், அதை விலைக்குக் கேட்கப் போகிறவர் மாதிரி.

“அட, நம்ம மொதலாளி!”

குரலைக் கேட்டதும் புஹாரிக்கு வியர்த்தது. பூனாகலைத் தோட்டத்துக் கருப்பம்மா. லயத்துக்குப் பின்னால் நாலு பாத்தி கிழங்கு போட்டு, மூட்டை கட்டிக் கொண்டுவந்து, அவரோடு மல்லுக்கு நிற்கிறவள். ஊரில் இத்தனை பேர் இருக்க, இவள் கண்ணிலா பட வேண்டும்? நாளைக்குச் சந்தை முழுக்கக் கதை போய்விடும்.

அவள் ஸஜீதாவுக்குப் பக்கத்தில் இடம் பிடித்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள். “அம்மாவுக்குங்களா?”

புஹாரி மனைவியைப் பார்த்தார். மனைவி தரையைப் பார்த்தாள்.

“ஓம்” என்றார். ஒரே ஒரு சொல்தான். முகம் அடுப்பில் வைத்த மாதிரிச் சுட்டது.

“இதுல வெக்கப்பட என்னா இருக்கு மொதலாளி? எனக்கு எடது பக்கம் எடுத்து மூணு வருசமாச்சு. நேத்துக்கூட மலையில கொழுந்து எடுத்தேன். டொக்டரு என்ன சொல்றாரு?”

“மார்பு ஒரு பக்கம் முழுசா எடுக்கணுமாம். இண்டைக்கு முடிவு சொல்லணும்.”

போன தடவை டொக்டரிடம் அவர் பேசாத பேரம் இல்லை. கட்டியை மட்டும் எடுக்கலாமே, மருந்துக் குளிசையில் முடித்துக்கொள்ளலாமே, நோன்பாவது முடியட்டுமே. எடுத்தால் உயிர், விட்டால் பரவும் என்பதிலேயே டொக்டர் நின்றார். புஹாரியின் வியாபாரத்தில் ஒரு சதம்கூட இறங்காத முதல் ஆள்.

“வெட்டு வாணாம் எண்டுதான் சொல்லப் போறம்.”

“ஏங்க? குடும்பத்துல வேற யாருக்காச்சும் இருந்துச்சா?”

அதற்கும் புஹாரிதான் பதில் சொன்னார். “உம்மாவுக்கு இருந்திச்சி. அதுக்குப் பொறகு தாத்தாவுக்கு.”

“தாத்தாவுக்கா!” கருப்பம்மா வாயில் கையை வைத்தாள். “ஆம்பளைக்குமா மொதலாளி இது வரும்?”

முன்வாங்கு, பின்வாங்கு எல்லாம் சிரித்தது.

“எங்கட ஆக்கள் அக்காவத்தான் தாத்தா எண்டு சொல்ற” என்று புஹாரி அவசரமாகத் திருத்தினார். அவரும் சிரிக்கப் பார்த்தார். ஸஜீதா மட்டும் சிரிக்கவில்லை.

“அதான பாத்தேன்!” கருப்பம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “அந்த அக்கா ஆப்பரேசன் பண்ணலீங்களா?”

“செஞ்சா. செஞ்சும் மவுத்தாகிட்டா.”

“கட்டிய எப்பக் கொண்டாந்து காட்டுனாங்க?”

புஹாரி திரும்பவும் செருப்பைப் பார்த்தார். கட்டி உடைந்து புண்ணாகி, பக்கத்து அறைக்கே வாடை அடிக்கும்வரை தாத்தா ஒருத்தரிடமும் மூச்சு விடவில்லை.

“காட்டவே இல்ல. நாங்கதான் கண்டுபிடிச்ச. வெக்கமாம்.”

கருப்பம்மாவின் சிரிப்பு அடங்கியது. “என் மூட்டைய அவுத்துக் கொட்டி, ஒரு அழுகலக் கண்டா என்ன சொல்லுவீங்க மொதலாளி? அத்தினி பேரு முன்னாலயும் கூவுவீங்களே!”

புஹாரியின் விரல் சட்டைப் பொத்தானைத் திருகியது.

“நானே சொல்றேன். ‘இத இப்பவே எடுத்து வீசு, இல்லாட்டி மூட்டையே போயிரும்.’ எனக்கு மானம் போகும். போனாலும் வீசிட்டுத்தான் மிச்சத்த நெறுக்க விடுவீங்க. ஒத்தக் கெழங்குல இருக்குற கவனம் வீட்டு ஆளு உசுருல இல்லியா?” அவள் ஸஜீதாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். “பாவம், இந்த அம்மா தலையே நிமிரல. இவங்க என்ன தப்பு பண்ணுனாங்க, இப்புடிக் குனிஞ்சு ஒக்கார?”

ஸஜீதா முக்காட்டை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துவிட்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் தலையில் தான் ஏற்றிவைத்த சுமையிலெல்லாம் இன்றைக்கு ஏற்றியதுதான் ஆகக் கனம் என்று புஹாரிக்குத் தோன்றியது.

கதவு திறந்தது. “பதினேழு!”

“போங்கம்மா.” கருப்பம்மா ஸஜீதாவை எழுப்பிவிட்டாள். “வெட்டச் சொல்லிட்டு வாங்க. நான் இங்கதான் இருக்கேன்.”

“நீ இரி” என்றார் புஹாரி. மனைவியின் தோளில் கை வைத்து உட்காரவைத்துவிட்டு, தான் எழும்பினார்.

“நீங்க போயி என்னா பண்ணப் போறீங்க மொதலாளி? சீக்காளிங்களத்தான கூப்புடுறாங்க!”

வாங்குகள் மறுபடி சிரிக்கத் தயாராகின. புஹாரி சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினார். இந்தத் தடவை அவர் செருப்பைப் பார்க்கவில்லை.

“ஆம்பளைக்கும் வரும், கருப்பம்மா.”