நீவாட்டில் ஒரு கல்யாணம்

மண்டபம் பக்கம் இப்போதெல்லாம் கல்யாணம் கடலுக்கடியில்தான். பவளப்பாறையோரம் பெண்ணும் சொந்தக்காரர்களும் மூச்சுக்குழாய் மாட்டி, கயிற்றைப் பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். மாப்பிள்ளையை நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், கொண்டுவந்து சேர்க்கும்.

கார்மேகம் பட்டு வேட்டி படபடக்க, கையில் தாலியோடு, கூடவே வந்த ஆமையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே மிதந்து வந்தான். நம்புநாயகி கையை நீட்டினாள். ஆமைக்கு வணக்கம் போட்டுக்கொண்டே அவளைத் தாண்டிப் போய்விட்டான்!

"மாப்ள, கையப் பிடிங்க!" படகிலிருந்த அவள் அப்பாவின் குரல் முகமூடி ஸ்பீக்கர் வழியே எல்லோர் காதிலும் அலறியது.

"நீவாடு இழுக்குது மாமா! திரும்ப முடியல!"

முகூர்த்தம் முடியப் போகிறது.

"நம்பு, கயித்த விட்றாத! பொண்ணு பின்னால போனா ஊர் சிரிக்கும்!"

"சிரிக்கட்டும்ப்பா!" நம்புநாயகி கயிற்றை விட்டாள்.

நாலு உதையில் அவனை எட்டிப் பிடித்தாள். ஒரே ஓட்டத்தில் சேர்ந்ததும் இருவரும் அசையாமல் நிற்பதுபோல் இருந்தது. பவளமும் மீன்களும் வாய்பிளந்த சொந்தக்காரர்களும்தான் பின்னோக்கி ஓடுவதுபோலத் தெரிந்தது.

"கட்டுங்க."

மூன்று முடிச்சும் நிதானமாக விழுந்தன. பாறையோரம் முதலில் சித்தி கயிற்றை விட்டாள், பிறகு தாய்மாமன், பிறகு எல்லோரும், கூச்சலும் சிரிப்புமாக.

மேலே அப்பா கத்தினார்: "சோத்துப் படக அவுத்து விடுங்கப்பா! பந்தி அடுத்த ஊர்லதான்!"