தூங்காத பரம்பரை

"மகாராணி எழுந்தாச்சா? மணி ஏழு!"

மாமனாரின் காலை வணக்கம் இது. மருமகள் பல் துலக்கப் போனாள். குரல் துரத்தியது.

"எங்க பரம்பரையில யாருக்கும் நாலு மணி நேரத்துக்கு மேல தூக்கம் கிடையாது. பையனும் என்னை மாதிரியே. உங்கத்தையும் எனக்குத் தோதா அமைஞ்சுட்டா. நீதாம்மா..."

"இன்னொரு தடவை உங்கப்பா இப்படிப் பேசினா, நான் தனி வீடு பார்த்துடுவேன்" என்றாள் கணவனிடம்.

"அப்பாவுக்கு வாய்தான் நீளம். விடேன்."

அவள் விடவில்லை. குறைவாகத் தூங்குகிறவர்களின் மரபணுவைத்தான் அவள் வேலை பார்த்த ஆய்வகத்தில் ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். வீட்டில் எல்லோரிடமும் பரிசோதனைக்கு எச்சில் கேட்டாள். மாமனார் மட்டும் இழுத்தார்.

"ஊசிகூட இல்ல, இதுக்கென்ன பயம்?" என்று மாமியார் சிரித்ததும், வேறு வழியில்லாமல் வாயைத் திறந்தார்.

முடிவு வந்த அன்று மாமியார் கடைக்குப் போயிருந்தாள்.

"மாமா, அந்த மரபணு அத்தைக்குத்தான் இருக்கு. அவங்ககிட்டயிருந்து உங்க பையனுக்கு வந்திருக்கு. உங்களுக்கு இல்ல. மத்தியானம் நூலகத்துக்குப் போயிட்டு, கன்னத்துல மேஜைத் தடத்தோட வர்றீங்களே, அது ஏன்னு இப்பதான் புரியுது."

மாமனார் வாசலைப் பார்த்தார்.

"மெதுவாப் பேசும்மா. கல்யாணமான புதுசுல அவ தினம் அழுவா. ராத்திரி தூங்கறதில்லைன்னு பொறந்த வீட்டுல பேய் பிடிச்சிருக்குன்னுட்டாங்களாம். எனக்கும் அப்படித்தான், எங்க பரம்பரையே அப்படின்னு ஒரு பொய்யை அவிழ்த்து விட்டேன். சொன்னப்புறம் எழுந்து உக்காந்துதானே ஆகணும்?"

"சரி, என்னை ஏன் திட்டினீங்க?"

"நீ தூங்குறதைப் பார்த்தா பொறாமையா இருக்கும்மா."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இனி அந்தப் பொய் எதுக்கு மாமா? இது நோயும் இல்ல, பேயும் இல்ல, பிறவியிலேயே அப்படின்னு அத்தைகிட்ட நானே சொல்லிடறேன். இன்னிக்கு ராத்திரியிலேருந்து நீங்க நிம்மதியாத் தூங்குங்க."

அவர் முகத்தில் ஆசை தெரிந்தது. பிறகு மறுப்பாகத் தலையை ஆட்டினார்.

"நான் தூங்கிட்டா, விடியற வரைக்கும் அவ யார்கூடம்மா பேசிட்டிருப்பா?"