வெள்ளரித் துண்டுக்கு அடியில்

பாண்டியராஜ் கண்ணாடித் தொட்டியின் மூடியைத் திறந்து, உள்ளே கிடந்த வெள்ளரித் துண்டைப் புரட்டிப் பிடித்தான். அடியில் ஒரு நத்தை ஒட்டிக்கொண்டிருந்தது.

கை அசையாமல் ஒரு படம் எடுத்தான். 'பாப்பா, ஒண்ணு தப்பிச்சிருக்கு' என்று எழுதி மனைவி புவனேஸ்வரியின் எண்ணுக்கு அனுப்பினான். அந்த எண்ணில்தான் மகள் ஜீவிதா பேசுவாள்.

காலை ஆறே முக்கால். போனை மடியில் வைத்துக்கொண்டு தொட்டிக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தான்.

உள்ளே பட்டாணி, விரல்களை வயிற்றுக்கு அடியில் மடக்கிக்கொண்டு, கட்டையோடு கட்டையாகத் தூங்கியது.

ஜீவிதாவின் எட்டாவது பிறந்தநாளுக்கு மதுரையில் வாங்கிய வெளிநாட்டுத் தவளை அது. பச்சையாக உருண்டையாக இருந்ததால் பட்டாணி என்று அவளே பெயர் வைத்தாள். ஒன்பதாவது பிறந்தநாள் வருவதற்குள் புவனேஸ்வரி மகளைக் கூட்டிக்கொண்டு பொள்ளாச்சிக்கு, அண்ணன் வீட்டோடு போய்விட்டாள்.

பிள்ளையின் துணிமணி, சைக்கிள், பாடப்புத்தகம் எல்லாம் டெம்போவில் ஏறின. தவளையை அந்த வீட்டில் சேர்க்க மாட்டார்கள்.

திண்டுக்கல் மாடி வீட்டில் அவனும் பட்டாணியும் மிஞ்சினார்கள்.

முதலில் ஜீவிதா ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் பேசினாள். சாப்பிட்டாயா என்று கேட்பான். சாப்பிட்டேனுங்கப்பா என்பாள். அந்த 'ங்க' எப்போது அவள் பேச்சில் வந்து ஒட்டியது என்று அவனுக்குத் தெரியவில்லை. பள்ளிக்கூடம் எப்படி என்பான். நல்லாருக்குங்கப்பா. அப்புறம் இருவரும் திரையில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.

நத்தைகள் வந்த பிறகுதான் பேச்சு வந்தது.

தொட்டிக்குள் வைத்த ஒரு சின்னச் செடியோடு வந்திருக்க வேண்டும். அரிசிக் குருணை அளவில், வெள்ளை ஓட்டோடு கண்ணாடி முழுக்க ஊர்ந்தன. இலைகளைச் சல்லடை ஆக்கின. உப்புப் போடலாமா என்று மதுரைக் கடைக்காரரிடம் கேட்டான். அவர் பதறிப்போனார். தவளை தோலாலேயே தண்ணீர் குடிக்கிற உயிர், உப்போ மருந்தோ பட்டால் தாங்காது என்றார். ராத்திரி ஒரு வெள்ளரித் துண்டைப் போட்டுவைத்து, காலையில் அதில் மொய்த்திருப்பதைப் பொறுக்கி எடுக்கச் சொன்னார்.

இதைக் கேட்ட ஜீவிதா, தான் பார்க்காமல் துண்டைத் தொடவே கூடாது என்று உத்தரவு போட்டாள்.

அன்றிலிருந்து தினமும் ஏழு மணிக்குப் போன் வந்தது.

சடை பின்னிக்கொண்டே எண்ணுவாள். முதல் நாள் இருபத்து மூன்று. இலைக்குப் பின்னாடி பாருங்க, மூலையில் பாருங்க என்று பொள்ளாச்சியிலிருந்து அவனை ஏவுவாள். பட்டாணி கண்ணைத் திறந்தால் கத்துவாள். நூல் மில்லில் எலக்ட்ரீசியன் வேலைக்கு அவன் தினமும் கால் மணி நேரம் பிந்திப் போனான். என்னய்யா, புதுமாப்பிள்ளை மாதிரி வார, என்று சூப்பர்வைசர் கேட்டபோதுகூடச் சிரித்தான்.

ஐந்தாவது வாரம் நத்தைகள் தீர்ந்துபோயின.

வெறும் வெள்ளரித் துண்டை மூன்று நாள் பார்த்தாள். நான்காம் நாள், வேறென்னங்கப்பா என்று கேட்டாள்.

அவனிடம் வேறு எதுவும் இல்லை.

அப்புறம் ஏழு மணிக்குப் போன் வரவில்லை. அவளைக் குறை சொல்ல முடியாது. ஆனாலும் அவன் ஆறரைக்கே குளித்து, சட்டை போட்டு உட்கார்ந்திருந்தான். பதினோரு நாள் அப்படி உட்கார்ந்தான்.

நேற்று மில்லுக்கு லீவு சொல்லிவிட்டு, காந்திகிராமம் போகிற வழியில் இருக்கும் நர்சரிக்குப் போனான். செடிப் பைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி அடியில் பார்த்தான். தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த பெருமாயி குழாயைக் கீழே போட்டுவிட்டு வந்தாள்.

"எல்லாரும் நத்தை இல்லாத செடியாக் கேப்பாங்க. நீ என்னப்பு, செடிய விட்டுட்டு நத்தையத் தேடுற?"

அவன் அடுத்த பையைத் தூக்கினான். செம்பருத்திப் பைக்கு அடியில் ஒன்று அகப்பட்டது.

பட்டாணிக்கு ஏதும் ஆகிவிடக் கூடாதே என்று மூன்று தண்ணீரில் அதைக் கழுவினான். ராத்திரி ஒரு டப்பாவில் வைத்திருந்து, விடிந்ததும் வெள்ளரித் துண்டில் ஒட்டவைத்துத் தொட்டிக்குள் இறக்கினான். தவளை விழித்து அதைக் கவ்விவிடுமோ என்று பயமாகத்தான் இருந்தது. படம் எடுக்கும் வரைக்கும்தானே என்று நினைத்துக்கொண்டான்.

மடியில் போன் அடித்தது.

ஏழாக இன்னும் நான்கு நிமிடம் இருந்தது. ஜீவிதா ஒரு பக்கச் சடையோடு திரையில் நின்றாள். மூச்சு வாங்கியது.

"எங்கப்பா? கிட்டக் காட்டுங்க."

காட்டினான். புளியங்கொட்டை அளவு இருந்தது நத்தை. ஓட்டில் பழுப்பு நிறத்தில் வரிவரியாகக் கோடுகள்.

அவள் வெகுநேரம் பார்த்தாள். எண்ணவில்லை.

"அப்பா, இது நம்ம நத்தை இல்ல."

பாண்டியராஜுக்கு முகம் சுட்டது. வெள்ளரித் துண்டைப் பிடித்திருந்த கை தானாகத் தாழ்ந்தது.

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இப்போது அவள் பார்த்தது நத்தையை அல்ல.

அந்தப் பக்கம் உள்ளேயிருந்து புவனேஸ்வரியின் குரல் கேட்டது. "வேன் வந்துரும் ஜீவி. காலங்காத்தால யாருகூடப் பேச்சு?"

ஜீவிதா முகத்தைத் திருப்பிக்கொண்டு, அம்மாவுக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொன்னாள்.

"அப்பாகூடம்மா. நத்தை மறுபடியும் வந்துருச்சு. நெறைய இருக்கு, தினமும் எண்ணணும்."