சன்னமாக ஒரு சத்தம்

“இந்தா, இப்பக் கேக்குது பாருங்கண்ணே” என்றார் பக்கத்து சீட்டில் இருந்த சத்யபிரியா டீச்சர்.

வண்டியை ஓட்டிக்கொண்டிருந்த மெக்கானிக் ஞானராஜுக்கு ஒன்றும் கேட்கவில்லை.

மதுரை ரோட்டில், சின்னாளப்பட்டி பிரிவைத் தாண்டி எழுபதில் போய்க்கொண்டிருந்தார்கள். டீச்சருடையது ஆட்டோமேட்டிக் கார். வேகம் கூடக் கூட கியர்பாக்ஸிலிருந்து சன்னமாக விசில் மாதிரி வருகிறது என்று பத்து நாளில் மூன்றாவது தடவையாகக் கொண்டுவந்திருந்தார்.

ஞானராஜ் பார்க்காதது பாக்கியில்லை. கியர் ஆயில் அளவு சரி. விரலில் தொட்டு முகர்ந்தும் பார்த்தார், தீய்ந்த வாடை இல்லை. ஸ்கேனரை மாட்டினால் ஒரு கோளாறும் காட்டவில்லை.

எஞ்சினைக் கிளப்பச் சொல்லி, சத்தத்தைக் கேட்டே பழுதைச் சொல்லிவிடுகிறவர் என்று பேகம்பூர் பக்கம் அவருக்குப் பேர்.

ஏசியை அணைத்தார். கண்ணாடிகளை ஏற்றினார். மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டார். டயர் உருளும் சத்தம், அதற்கடியில் எஞ்சின். அவ்வளவுதான்.

சிலருக்கு வண்டியில் இல்லாத சத்தமெல்லாம் கேட்கும். டீச்சரும் அந்த ரகம்தான் போல. மனம் நோகாமல் அதை எப்படிச் சொல்வது என்று குழம்பியபடியே ஆக்ஸிலேட்டரை மிதித்தார்.

எண்பது. தொண்ணூறு.

மேலே இருந்த கண்ணாடியில் பின்சீட் தெரிந்தது. டீச்சரின் மகள், யூ.கே.ஜி. படிக்கிறவள், இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

காலை எடுத்தார். வேகம் குறைந்தது. பாப்பா கையை இறக்கினாள்.

மறுபடி மிதித்தார். மறுபடி பொத்திக்கொண்டாள்.

ஞானராஜ் வண்டியை ஓரங்கட்டினார்.

என்ன ஆச்சு என்று டீச்சர் கேட்டதற்கு, சத்தம் இருக்கத்தான் செய்கிறது, ஃபில்டரோ பம்ப்போ, கழற்றிப் பார்த்துவிடலாம் என்றார்.

டீச்சருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. எங்கே தன் காதில்தான் கோளாறோ என்று ரெண்டு நாளாகப் பயந்துபோயிருந்தாராம்.

ஞானராஜ் இறங்கி, வண்டிக்குப் பின்னால் போய் நின்றார். இந்த மாதம் மட்டும் மூன்று பேரை, வண்டியில் ஒரு சத்தமும் இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பியிருந்தார்.

போனை எடுத்து முதல் ஆளைக் கூப்பிட்டார்.

“அப்பாஸ் பாய், அன்னைக்கு ஒரு சத்தம் வருதுன்னு சொன்னீங்களே... அது இன்னமும் கேக்குதா?”