முருகன் முன்னால் ஒரு சுருட்டு

“அண்ணே, கோவப்படாம கேளுங்க. வீட்டுல அண்ணி சுருட்டுக் குடிக்கிறாங்களா?”

அய்யாவு இதைக் கேட்டபோது தம்புசாமியின் வாய் நிறையச் சோறு. செந்தூல் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் மத்தியானச் சங்கு ஊதிப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

“என்னடா உளர்றே?”

“என் பொண்டாட்டி பவுனம்மா கண்ணால பார்த்திருக்கா. நேத்து வாசு கடையில ஒரே ஒரு சுருட்டு வாங்கி, முந்தானையில முடிஞ்சுக்கிட்டுப் போனாங்களாம். நேத்து மட்டும் இல்லையாம், ஒரு மாசமாவே நடக்குதாம்.”

மரத்தடியில் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டார்கள். பின்னே? இது தம்புசாமி வீட்டுச் சமாசாரம் அல்லவா!

போன வருஷம் அவர் மனைவி நல்லம்மாள் மலேரியாவில் படுத்துவிட்டாள். பிழைப்பாளா, மாட்டாளா என்ற நிலை. “இவ எழுந்து நடந்தாப் போதும் முருகா, சுருட்டை அடியோடு விட்டுட்டு பத்துமலைக்குக் காவடி எடுக்கிறேன்” என்று வேண்டிக்கொண்டார் தம்புசாமி. அவளும் எழுந்து நடந்துவிட்டாள். தைப்பூசமும் நெருங்கிவிட்டது. சுருட்டை விட்டுத் தொடங்கிய நாற்பத்தெட்டு நாள் விரதத்தில் இன்றைக்கு நாற்பதாவது நாள்.

விட்டவர் பேசாமல் விட்டாரா? ஒரே ஒரு சுருட்டைப் பால் டின்னில் போட்டு, வீட்டில் முருகன் படத்துக்கு முன்னாலேயே வைத்துவிட்டார்.

“ஒளிச்சு வைக்கிறவன் கோழை. சுருட்டு கண்ணு முன்னால இருக்கணும், கை போகக் கூடாது. அதுக்குப் பேருதான்டா மன உறுதி!”

தினமும் இதே மரத்தடியில் இதே பிரசங்கம். பீடி பற்றவைக்கிறவர்கள் அவர் தலையைக் கண்டதும் எழுந்து வண்டிப் பட்டறைப் பக்கம் போய்விடுவார்கள். அவ்வளவு தொல்லை.

“ஏண்ணே, விரதம் உங்களுக்கு, புகை அண்ணிக்கா?” என்று யாரோ கேட்க, மரத்தடியே சிரித்தது.

தம்புசாமி மீதிச் சோற்றை மூடிவைத்துவிட்டு எழுந்தார். பிற்பகல் முழுக்கச் சுத்தியல் இரும்பில் விழுந்ததைவிட அவர் கட்டைவிரலில் விழுந்ததுதான் அதிகம். சாயங்காலச் சங்கு ஊதியதும் ஓட்டமும் நடையுமாகக் குவாட்டர்ஸுக்கு வந்து சேர்ந்தார்.

நல்லம்மாள் வாசலில் முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

“நேத்து வாசு கடைக்குப் போனியா?”

“போனேன்.”

“என்ன வாங்கினே?”

“உப்பு, சீரகம், ஒரு சுருட்டு.”

மறைப்பாள், மழுப்புவாள் என்று நினைத்து வந்தவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“வெக்கமா இல்லே உனக்கு? உன் உயிருக்காக நான் வாயைக் கட்டிக்கிட்டு விரதம் இருக்கேன். நீ எனக்குத் தெரியாம புகை விடுறியா? ஒர்க்‌ஷாப்பே சிரிக்குதுடி!”

நல்லம்மாள் கீரையை ஒதுக்கிவிட்டு உள்ளே போனாள். முருகன் படத்துக்கு முன்னால் இருந்த டின்னை எடுத்து வந்து, அவர் மூக்குக்கு நேரே திறந்து காட்டினாள்.

“இதுல எத்தனை இருக்கு?”

“ஒண்ணு.”

“நீங்க எத்தனை வச்சீங்க?”

“ஒண்ணுதான். ஊருக்கே தெரியுமே!”

“இதுலேருந்து எத்தனை எடுத்துக் குடிச்சீங்க?”

தம்புசாமியின் கை சட்டைப் பையில் கிராம்பைத் தேடியது.

“கிராம்பு மென்னா சுருட்டு வாசனை போயிடுமாக்கும்? நான் குழாயடிக்குத் தண்ணிக்குப் போற நேரம் பார்த்துத்தானே எடுக்குறீங்க?”

அவர் குரல் பாதாளத்துக்கு இறங்கிவிட்டது.

“இல்லே நல்லம்மா... முதல் தடவை மனசு கேக்காம எடுத்துட்டேன். மறுநாள் பயந்துக்கிட்டே டின்னைத் திறந்து பார்த்தா, சுருட்டு இருந்துச்சு. சரி, முருகனே மன்னிச்சு இன்னொண்ணு வச்சுட்டாருன்னு...”

“ஒரு தடவை வச்சா முருகன்னு நினைக்கலாம். பன்னெண்டு தடவை வச்சா பொண்டாட்டின்னு தோண வேண்டாமா?”

தம்புசாமி அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். மரத்தடியில் பேசிய பேச்செல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்து வெட்கம் பிடுங்கித் தின்றது. வெட்கத்தைவிடப் பயம் பெரிதாக இருந்தது.

“விரதம் போச்சே! நாளைக்கு உனக்கு ஏதாவது ஆயிட்டா?”

“எனக்காக எடுத்த விரதம். நானே பொறுத்துக்கிட்டேன், முருகன் பொறுத்துக்க மாட்டாரா?”

“கண்டுபிடிச்ச அன்னிக்கே என் சட்டையைப் பிடிச்சுக் கேட்டிருக்கலாமே. எதுக்கு வாங்கி வாங்கி வச்சே?”

“டின் காலியா கிடந்தா, ‘எல்லாம் போச்சு, இனிமே என்ன’ன்னு ஒரு கட்டாவே வாங்கிட்டு வந்திருப்பீங்க. உங்களை எனக்குத் தெரியாதா?”

தெரியும்தான். அவர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார்.

“அவனவன் சிரிக்கிறதுல தப்பே இல்லே. நாப்பது நாளும் பொய். எனக்கு ஏது மன உறுதி?”

நல்லம்மாள் டின்னை மூடி, முருகன் முன்னால் பழையபடி வைத்துவிட்டு வந்து, கீரையை மடியில் எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

“முதல் பத்து நாள்ல ஆறு வாங்கி வச்சேன். அடுத்த பத்து நாள்ல மூணு. அதுக்கப்புறம் ரெண்டு. இந்தப் பத்து நாள்ல நேத்து வாங்கின ஒண்ணுதான். நீங்க விட்டுக்கிட்டுத்தாங்க இருக்கீங்க... உங்களுக்குத்தான் அது இன்னும் தெரியல்லே!”