கொரெட்டி அக்காவின் பிடியரிசி

"அக்கா, இந்த மாசத்தோட பிடியரிசிய நிறுத்திக்குங்க. பங்குப் பேரவையில பேசி முடிவு பண்ணிட்டோம்லா."

இதைச் சொல்வதற்குள் அந்தோணிதாஸ் பல தடவை கனைத்துக்கொண்டார். அடுப்படியில் தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருந்த மரியகொரெட்டி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நிறுத்திட்டா அந்தப் புள்ளைங்க மத்தியானம் என்னத்த சாப்புடும்?"

நியாயமான கேள்விதான். கடல் தாண்டி, புளோரஸ் தீவில், ஒரு மலைமேல் கன்னியர்கள் நடத்தும் பள்ளிக்கூடம் இருக்கிறது. அங்கே படிக்கும் பிள்ளைகளின் மத்தியானச் சோற்றுக்கு இந்தப் பங்கின் ஜனங்கள்தான் உதவி வருகிறார்கள். வீட்டில் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைக்க வேண்டும். மாதக் கடைசி ஞாயிறு பூசை முடிந்ததும் எல்லா வீட்டு அரிசியையும் கோவில் வாசலில் ஏலம் விட்டு, வந்த பணத்தைக் கன்னியர்களுக்கு அனுப்பிவிடுவார்கள். டவுனில், லோபாக் பகுதியில் குடியிருக்கும் அந்தோணிதாஸ்தான் இந்த வேலைக்குப் பொறுப்பு.

"மத்தவங்க வீட்டு அரிசி போதும்க்கா."

"எங்க போதும்? போன மாசம் உங்க லோபாக் ஆளுங்க எல்லாரோடதும் சேந்து ஒரு வாளிகூட நெறையல. நான்தான் பாத்தேனே, தம்பி."

 அந்தோணிதாஸை இவ்வளவு தூரம் காரோட்டிவர வைத்ததும் அதே விஷயம்தான். லுக்குட் ஊரிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும், எண்ணெய் எடுக்கும் இந்தச் செம்பனைத் தோட்டத்தை விட்டு நம்மவர்கள் டவுனுக்குக் கிளம்பிப் பல வருஷமாகிவிட்டது. தோட்டத்து ஆட்களுக்கான லயத்து வீடுகளில் இப்போது இருப்பதெல்லாம் வெளிநாட்டு ஆட்கள். நம்மில் மிஞ்சியது கொரெட்டி அக்கா மட்டும்தான். கணவர் இறந்து போனார். நீலாய் டவுனில் இருக்கும் மகள் எத்தனை கூப்பிட்டும் போகாமல், செம்பனையின் உதிரிப் பழம் பொறுக்கிக்கொண்டு இங்கேயே கிடக்கிறார். அந்த ஒற்றை வீட்டிலிருந்து மாதா மாதம் ஒரு மூட்டை அரிசி வந்து கோவில் வாசலில் இறங்குகிறது!

"கோவில்ல பாதிப் பேரு இத ஆண்டவரோட புதுமை, அற்புதம்னு சொல்றாங்க. மீதிப் பாதிப் பேரு, அக்கா பட்டினி கெடந்து கடையில வாங்கி அனுப்புதுன்னு சொல்றாங்க."

"நீ எந்தப் பாதி?" என்று கேட்டுவிட்டு அக்கா சிரித்தார்.

 அந்தோணிதாஸ் எழுந்துபோய் அரிசிப் பானையைத் திறந்து பார்த்தார். அடியில் கொஞ்சம்தான் கிடந்தது. பக்கத்தில், சிலுவை போட்ட பிடியரிசி டின்னோ விளிம்பு வரை நிறைந்திருந்தது. 

"இது நியாயமாக்கா? ஒடம்பக் கெடுத்துக்கிட்டு நீங்க தர்மம் பண்ணணும்னு யாரு அழுதா?"

"அட, நாளைக்குத்தான் லுக்குட் கடைக்குப் போகணும். மாதா சத்தியமா நான் வைக்கிறது ஒரு பிடிதான்."

"ஒரு பிடி எப்படிக்கா மூட்டையாவும்?"

"ஒக்காந்து பாரேன். தேத்தண்ணி ஆறுது, குடி."

குடித்து முடிப்பதற்குள் வெளியே லோரி வந்து நின்றது. வேலை முடிந்த ஆட்கள் இறங்கினார்கள். செம்மண் அப்பிய பூட்ஸைக் கழற்றிவிட்டுக் குழாயடியில் கைகால் கழுவினார்கள். வீட்டுக்குள் போய் அடுப்பைப் பற்ற வைப்பார்கள் என்று பார்த்தால், உள்ளே போன வேகத்தில் திரும்பி ஒவ்வொருவராக அக்காவின் அடுப்படி வாசலுக்கு வந்தார்கள். எல்லாருடைய வலது கையும் மூடியிருந்தது.

முதலில் வந்தவர் டின்னுக்கு மேலே கையைத் திறந்தார். அரிசி சலசலவென்று விழுந்தது. நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை வரைந்துகொண்டு நகர்ந்தார். அடுத்தவரும் அப்படியே. அதற்கடுத்தவரும் அப்படியே. 

அந்தோணிதாஸுக்கு மெய்சிலிர்த்துப் போனது. தன்னை அறியாமல் எழுந்து நின்றார். பெரிய கோவில்களில் எத்தனையோ திருவிழாக் காணிக்கை பார்த்தவர்தான். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

"இவங்க நம்ம வேதமாக்கா?" என்று மெதுவாகக் கேட்டார். "ஏன் இத்தன நாளா சொல்லல?"

"தோட்டத்துல நம்மாளுங்க யாருமே இல்லன்னு கோவில்ல மைக் புடிச்சு சொன்னவன் நீ. என்ன ஒரு வார்த்த கேட்டியா?"

கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது அவருக்கு. நம்மாளுங்க என்றால் தமிழ் ஆட்கள் என்று மட்டும்தான் அவருக்கு இதுவரை அர்த்தம். புதுமை நடக்கத்தான் செய்கிறது, அதை எதிரே நின்றும் பார்க்காமல் இருந்திருக்கிறோம் என்று எண்ணியபோது கண் கலங்கிவிட்டது.

கடைசியாக அரிசி போட்டவரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். தனக்குத் தெரிந்த மலாய் மொழியில் நெகிழ்ந்து பேசினார்.

"நீங்களே குடும்பத்த விட்டுட்டு வந்து வெயில்லயும் மழையிலயும் கஷ்டப்படுறீங்க. கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற, மொகம் தெரியாத புள்ளைங்களுக்காக நீங்க வயித்தக் கட்ட வேணாம். உங்க மனச ஆண்டவர் பாத்துட்டாரு. இந்த மாசத்தோட நிறுத்திக்குங்க, போதும்."

அந்த மனிதரின் முகம் சட்டென்று வாடியது. மற்றவர்களும் போகாமல் நின்றுவிட்டார்கள்.

"நிறுத்திடாதீங்க, ஐயா!" என்று அவர் மலாயிலேயே கெஞ்சினார். "நாங்க எல்லாரும் புளோரஸ்காரங்க. அந்தப் பள்ளிக்கூடத்துல மத்தியானம் சாப்புடுறது எங்க புள்ளைங்கதான்."